நீக்கச் சொல்லி எழுதுவதற்கு முன்

கோயம்புத்தூர்

அன்புள்ள தம்பி பிரபுவுக்கு,

உன் மெயில் வந்தது. என் நலத்துக்கு ஒரு வரி, அம்மாவின் முழங்காலுக்கு ஒரு வரி, மிச்சம் முழுக்க அந்தப் பேக்கேஜ். அம்மாவுக்கு வலி குறைந்திருக்கிறது. டாக்டரிடம் வரமாட்டேன் என்ற பிடிவாதம் குறையவில்லை. அவளை நான் பார்த்துக்கொள்கிறேன். உன் விஷயத்தை வாட்ஸாப்பில் சொன்னால் கட்டைவிரலைக் காட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஆய்வகக் கருவிகளோடு டெல்நெட் வழியாகப் பேசும் ஒரு சின்ன நிரல். எழுதியவர் பல வருடமாக அதைத் தொடவில்லை. பைதான் 3.11 வரைதான் ஓடும். டெபியன் லினக்ஸின் 13-ஆம் பதிப்பு வெளிவருவதற்கு முன்பே, அடுத்த வெளியீட்டுக்கான டெஸ்டிங் கிளையிலிருந்து விழுந்துவிட்டது, இப்போது மேம்பாட்டுக் கிளையான சிட்டில் மட்டும் தொங்குகிறது. "இன்னும் யாரோ ஒருத்தர் அதை வைத்து வேலை பார்க்கிறார். அதைத் தூக்கச் சொல்லி எழுத நான் யார் அக்கா?" என்று கேட்டிருக்கிறாய்.

இந்தக் கேள்வி மனசில் வராத ஆளிடம் இந்த வேலையைக் கொடுக்கவே கூடாது. ஆனால் அதிலேயே நின்றுவிட்டால் வேலை நடக்காதுடா.

முதலில், நீ எழுதப்போகும் கடிதத்தால் அந்த நிரல் அழிந்துவிடாது. மூல நிரல் எழுதியவரின் இடத்தில் அப்படியே இருக்கும். 2005-லிருந்து டெபியனுக்குள் வந்துபோன பதிப்புகளைத் தேதிவாரியாகச் சேர்த்து வைத்திருக்கும் ஸ்னாப்ஷாட் சேமிப்பகத்திலும் அது கிடைக்கும். நீ திரும்பப் பெறுவது ஒரு வாக்கைத்தான். 'ஆப்ட்' கட்டளை கொடுத்து ஒரு பேக்கேஜை நிறுவுகிறவர் மனசில் என்ன இருக்கும் என்று யோசித்துப்பார். பாதுகாப்பு ஓட்டை வந்தால் யாரோ அடைப்பார்கள், பக் எழுதினால் யாராவது படிப்பார்கள் என்று நம்பித்தானே நிறுவுகிறார்? படிக்க ஆளில்லாத நிலையில் அந்தப் பெயரைப் பட்டியலில் விட்டுவைத்தால் நாம் அவரை ஏமாற்றுகிறோம். உன் இரக்கம் நியாயமானது. ஆனால் அந்த இரக்கம் எழுதியவர் பக்கமே சாய்கிறது. நம்பி நிறுவுகிறவர் உன் கண்ணுக்குத் தெரியவில்லை.

டெபியனிலிருந்து பைதான் 2-ஐ நாங்கள் வெளியேற்றிய காலத்தில் இதே கேள்வி ஒவ்வொரு வாரமும் வந்தது. நீ அப்போது ப்ளஸ் ஒன். என் லேப்டாப்பைப் பிடுங்கி கேம் ஆடிக்கொண்டிருப்பாய், நான் உன்னைத் துரத்திவிட்டு பக் பட்டியலைத் திறப்பேன். அந்தக் கதையை உனக்கு ஒழுங்காகச் சொன்னதில்லை என்று இப்போது தோன்றுகிறது.

கீடோ வான் ராசம் ஆம்ஸ்டர்டாமில் பைதானை எழுதத் தொடங்கியது 1989 டிசம்பரில். 3.0 வந்தது 2008 டிசம்பர் 3 அன்று. பழைய நிரல்கள் அதில் ஓடாது என்று தெரிந்தே, அறிவித்தே வெளியிட்டார்கள். பழைய வரிசையின் கடைசிப் பெரிய பதிப்பான 2.7, 2010 ஜூலையில் வந்தது. அதை 2015-இல் நிறுத்திவிடுவதாகத் திட்டம். உலகம் நகரவில்லை. 2014-இல் மாண்ட்ரியலில் நடந்த பைகான் மாநாட்டுச் சமயத்தில் கெடுவை 2020-க்குத் தள்ளினார்கள். 2020 ஜனவரி 1 அன்று ஆதரவு முடிந்தது. கடைசி வெளியீடான 2.7.18 அந்த ஏப்ரல் 20 அன்று வந்தது. அதன்பின் எந்த ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டாலும் மூலக் குழுவிடமிருந்து ஒட்டுப்போட எதுவும் வராது.

ஏன் அப்படி உடைத்தார்கள் என்று ஆங்கிலம் மட்டுமே எழுதுகிறவனுக்கு விளக்குவது கஷ்டம். உனக்குச் சுலபம். 'தமிழ்' என்று எழுது. நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடு கணக்கில் ஐந்து குறிகள்: த, ம, இகரக் கொம்பு, ழ, புள்ளி. யூடிஎஃப்-8 முறையில் சேமிக்கும்போது ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட், ஆக 15 பைட். பைதான் 2-இல் சாதாரணமாக மேற்கோள் குறிக்குள் எழுதி நீளம் கேட்டால் 15 என்று சொல்லும். ஏனென்றால் அந்த மொழியில் 'சரம்' என்று பெயர் வைத்திருந்தது உண்மையில் பைட்டுகளின் வரிசைக்கு. தலைப்பைப் பத்து இடத்தில் வெட்டு என்று ஒரு நிரல் எழுதியிருந்தால், 'தமி' வந்து, அதன்பின் ழ-வின் மூன்றில் ஒரு துண்டு வரும். திரையில் அது கேள்விக்குறி போட்ட கறுப்புக் கட்டமாகத் தெரியும். அந்தக் கட்டத்தைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போன தலைமுறை என்னுடையது.

யூனிகோடு சரம் என்று தனியாக இன்னொரு வகையும் பைதான் 2-இல் இருந்தது. வினையே அங்கேதான். இரண்டையும் சேர்த்தால், கேட்காமலே ஆஸ்கியாக மாற்றிப் பார்க்கும். உள்ளே ஆங்கிலம் மட்டும் இருந்தால் சத்தமில்லாமல் ஓடிவிடும். என்றைக்கு ஒருவர் தன் பெயரைத் தமிழில் தட்டினாரோ, ஒரு பிரெஞ்சுக்காரர் தன் பெயரில் ஒட்டுக்குறி போட்டாரோ, அன்றைக்கு 'ஆர்டினல் நாட் இன் ரேஞ்ச்' என்று முடியும் பிழைச் செய்தியைக் கக்கிவிட்டு விழும். எழுதியவர் சோதித்தபோது வராத பிழை, வாடிக்கையாளரின் மேஜையில் வரும். பைதான் 3 இந்தக் குழப்பத்தைத் தீர்த்தது. சரம் என்றால் யூனிகோடு. பைட் என்றால் பைட். இரண்டையும் கலந்தால் முதல் நாளே, ஆங்கிலத்திலேயே, பிழை. நீளம் கேட்டால் இப்போது 5 என்கிறது. நமக்கு வேண்டிய 3 அதில் வராது. அதற்கு ஓப்பன்-தமிழ் போல எழுத்து எழுத்தாகப் பிரித்துத் தரும் நிரலகம் வேண்டும். இருந்தாலும் 15-லிருந்து 5-க்கு வந்தது பெரிய தூரம்.

அதனால் உடைத்தது சரி என்றுதான் சொல்வேன். உடைத்த விதத்தில் எனக்கு இன்னமும் கோபம் உண்டு. 'டூ-டு-த்ரீ' என்று ஒரு மாற்றுக் கருவி கொடுத்து, ஒரு நாள் அதை ஓட்டிவிட்டுப் பழையதை மறந்துவிடலாம் என்று நினைத்தார்கள். நிஜத்தில் நிரலகம் எழுதுகிறவனுக்குப் பழைய ஆட்களும் வேண்டும், புதிய ஆட்களும் வேண்டும். ஒரே கோப்பு இரண்டிலும் ஓடியாக வேண்டும். அதற்குத் தேவையான சின்னச் சின்ன வசதிகளையே 3.0-இல் எடுத்துவிட்டார்கள். யூனிகோடு சரத்துக்கு முன்னால் போடும் 'யூ' எழுத்தை எடுத்தார்கள், 2012-இல் 3.3 வரும்போது திரும்பக் கொடுத்தார்கள். பைட்டுகளுக்குள் மதிப்புகளைச் செருகும் சதவீதக்குறி முறையை எடுத்தார்கள். அது திரும்பி வந்தது 2015-இல், 3.5-இல். பைட்டோடு பைட்டாகவே வாழும் மெர்க்கூரியல் மாதிரியான திட்டங்கள் அதுவரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. இடைவெளியை அடைத்தது 'சிக்ஸ்' என்ற குட்டி நிரலகம். இரண்டையும் மூன்றையும் பெருக்கினால் ஆறு, அதனால் அந்தப் பெயர். மாறாதவர்களைச் சோம்பேறிகள் என்று திட்டுகிறவர்களைப் பார்த்தால் இந்த வருடங்களை நினைவுபடுத்து.

இனி டெபியன் என்ன செய்தது என்று சொல்கிறேன், உனக்கு வேண்டியது இதுதான். 2019 ஜூலையில் டெபியன் 10 பைதான் 2.7-ஓடு வெளியே போனது. அந்த வருடப் பிற்பாதியிலேயே, பைதான் 2-ஐ நம்பியிருந்த பேக்கேஜ்கள் ஒவ்வொன்றின் மேலும் ஒரே மாதிரித் தலைப்பில் பக் விழ ஆரம்பித்தது. எல்லாவற்றுக்கும் ஒரே அடையாளச் சொல், 'பை-டூ-ரிமூவல்'. பட்டியலைத் திறந்தால் பக்கம் பக்கமாகப் போகும்.

எதை முதலில் எடுப்பது? கல்யாணப் பந்தலைப் பிரிக்கிறவன் மேலே இருக்கும் கீற்றிலிருந்துதான் தொடங்குவான். காலை முதலில் பிடுங்கினால் மொத்தமும் தலையில் விழும். இங்கேயும் அதே வரிசை. யாரும் நம்பியிராத பயன்பாட்டு நிரல் முதலில். அது போனதும், அது மட்டுமே நம்பியிருந்த நிரலகம். அதன்பின் அதற்கும் கீழே இருப்பது. மொழியின் இன்டர்பிரெட்டர் கடைசியில். காகிதத்தில் இது எளிது. நடைமுறையில் அ-வின் சோதனைகளை ஓட்ட ஆ வேண்டும், ஆ-வின் ஆவணத்தைக் கட்ட இ வேண்டும், இ-யின் சோதனைக்கு மறுபடி அ வேண்டும். இந்தச் சுற்றை உடைக்க, ஏதாவது ஒரு பேக்கேஜில் பைதான் 2 சோதனைகளை நிறுத்திவிட்டு, அதன் பைதான் 2 பாகத்தை மட்டும் கழற்ற வேண்டும். எந்த இடத்தில் வெட்டினால் குறைவான பேருக்கு வலிக்கும் என்று தேடுவதற்கே பாதி நேரம் போகும். நிரல் எழுதும் நேரம் ரொம்பக் கொஞ்சம்.

பக்கின் தீவிரத்தை 'சீரியஸ்' என்று உயர்த்தினால் என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியும். இன்ன தேதியில் டெஸ்டிங்கிலிருந்து தானாக நீக்கப்படும் என்று மெயில் போகும். அந்தப் பேக்கேஜின் ஆளுக்கு மட்டும் போனால் பரவாயில்லை. அதை நம்பியிருப்பவர்கள், அவர்களை நம்பியிருப்பவர்கள் என்று எல்லாருக்கும் போகும். தன் பேக்கேஜில் ஒரு குறையும் இல்லாதவன் காலையில் கண் விழித்துப் பார்த்தால், உன்னுடையது போகப்போகிறது என்று இயந்திரம் சொல்கிறது. எத்தனை சண்டைகள் அந்த மெயிலால் வந்தன! எனக்கு இதில் இரண்டு மனசு. அந்த மெயில் முரட்டுத்தனமானது. அது போகாத வரைக்கும் யாரும் அசையவில்லை என்பதும் உண்மை.

2021 ஆகஸ்ட் 14-இல் டெபியன் 11 வந்தபோதும் 2.7 முழுதாகப் போகவில்லை. சில பெரிய நிரல்களைக் கட்டும் வேலைக்கு அது இன்னும் தேவைப்பட்டது. அதற்காக மட்டும் வைத்திருக்கிறோம், இதில் எதையும் ஓட்டாதீர்கள், பாதுகாப்புத் திருத்தம் வராது என்று வெளியீட்டுக் குறிப்பிலேயே எழுதினார்கள். எனக்கு அந்தக் குறிப்பு பிடிக்கும். செய்ய முடியாததைச் செய்ய முடியாது என்று நேராகச் சொன்ன குறிப்பு. 2023 ஜூன் 10 அன்று டெபியன் 12 வந்தபோதுதான் முழுக்கப் போனது. 3.0 வந்ததிலிருந்து கணக்குப் போட்டால் பதினாலரை வருடம்.

காலிபர் கதையை நீ எங்காவது படித்திருப்பாய். மின்னூல் படிக்கிற யாரும் அதைத் தவிர்க்க முடியாது. கோவித் கோயல் 2006-இல் சோனி ரீடர் ஒன்றுக்காகத் தொடங்கியது. 2017-இல் பைதான் 3-க்கு மாற்றச் சொல்லி பக் போட்டபோது, தேவைப்பட்டால் பைதான் 2-ஐத் தானே பராமரித்துக்கொள்வேன் என்கிற தொனியில் பதில் சொன்னார். ஊரெல்லாம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அவ்வளவு பெரிய நிரலை ஏறக்குறைய ஒற்றை ஆளாக, வாரா வாரம் வெளியிட்டுக்கொண்டிருக்கிறவர். ஓடிக்கொண்டிருப்பதை உடைத்து மாற்றினால் பயனருக்கு என்ன லாபம் என்று கேட்க அவருக்கு உரிமை உண்டு. ஆனால் டெபியனுக்கும் தன் பந்தலைப் பிரிக்கும் தேதி இருந்தது. உதவிக்கு ஆட்கள் வந்தார்கள், மாற்றங்களைத் துண்டு துண்டாக அனுப்பினார்கள், அவரும் மறுக்காமல் சேர்த்துக்கொண்டார். அவர் அதிகாரபூர்வமாகச் சொல்வதற்கு முன்பே டெபியனிலும் உபுண்டு 20.04-இலும் பைதான் 3-ஐக் கொண்டு கட்டிய காலிபர் வெளியே போய்விட்டது. அதில் பல பிளகின்கள் ஓடாமல், பயனர்கள் அவரிடம் போய்ப் புகார் சொன்னார்கள். அவருக்குக் கோபம் வந்ததில் என்ன ஆச்சரியம்? 2020 செப்டம்பரில் காலிபர் 5.0 பைதான் 3-இல் வந்தது. மறுத்தவர், நெருக்கியவர்கள், கை கொடுத்தவர்கள் என மூன்று தரப்பும் சேர்ந்துதான் அதைக் கொண்டுவந்தார்கள்.

எல்லா நிரலுக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. பைஜிடிகே என்ற நிரலகத்தை வைத்து எழுதிய மேஜைக்கணினி நிரல்கள்தான் நான் பார்த்தவரை அதிகம் அடிபட்டன. அந்த நிரலகம் பைதான் 2-இல் மட்டும் இருந்தது, ஜிடிகே 2-க்கு மட்டும் இருந்தது. ஆக மாற்ற வேண்டுமென்றால் மொழியையும் மாற்ற வேண்டும், திரை வரையும் கருவியையும் மாற்ற வேண்டும். வார இறுதியில் ஒரு மணி நேரம் ஒதுக்குகிறவர் அதை எங்கே செய்வது? சமையல் குறிப்பு, நாட்குறிப்பு, ஸ்டாம்ப் சேகரிப்பு என்று யாரோ ஆசைஆசையாக எழுதிய நிரல்கள் வரிசையாகப் போயின.

அப்போது நான் கற்றுக்கொண்ட ஒன்றை உனக்கு அழுத்திச் சொல்ல வேண்டும். நிரல் போவதை ஜனங்கள் தாங்கிக்கொள்கிறார்கள். அதற்குள் மாட்டிக்கொண்ட தங்கள் தரவு போவதைத்தான் தாங்க முடியவில்லை. ஒரு பெரியவர் எழுதியிருந்தார், கோபமே இல்லாமல்: மனைவியின் சமையல் குறிப்புகள் முழுக்க அந்த நிரலில் இருக்கின்றன, கணினியை அப்கிரேடு செய்தேன், திறக்க முடியவில்லை, என்ன செய்யட்டும் என்று. கோப்பைப் பார்த்தால் சாதாரண எஸ்கியூலைட். அதைத் திறக்கும் சாதாரணப் பார்வைக் கருவி ஒன்றில் திறந்து, சிஎஸ்வியாக எடுத்துக் கொடுத்தோம். பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிடத்தை நீக்கும் பக்கிலேயே மூன்று வரியில் எழுதியிருந்தால் அவர் எங்களைத் தேடி வந்திருக்கவே வேண்டாம். அன்றிலிருந்து எந்தப் பேக்கேஜை எடுக்கச் சொல்லி எழுதினாலும், கோப்பு எங்கே இருக்கிறது, என்ன வடிவம், எதில் திறக்கலாம் என்று ஒரு பத்தி எழுதும் வழக்கம் எங்கள் குழுவில் வந்தது. விதிப்புத்தகத்தில் அது கிடையாது. நீ செய்.

உன் பேக்கேஜுக்கு வருகிறேன். 3.11-க்கு மேல் ஏன் ஓடவில்லை என்று நீ அனுப்பிய பிழைப் பட்டியலைப் பார்த்தேன். பைதானோடு கூடவே வந்துகொண்டிருந்த 'டிஸ்ட்யூடில்ஸ்', 'இம்ப்', 'ஏசிங்க்கோர்' என்ற மூன்று மாட்யூல்களும் 2023 அக்டோபரில் 3.12-ஓடு போய்விட்டன. 'டெல்நெட்லிப்' அடுத்த வருடம் 3.13-இல் போனது. செத்த பேட்டரிகள் என்று பெயர் வைத்து ஒரே வெளியீட்டில் 19 மாட்யூல்களைத் தூக்கினார்களே, அதில் ஒன்று. பைதான் 2 மாதிரி ஒரே பிரளயமாக வராமல் இப்போது வருடத்துக்கு ஒரு வெளியீடு, ஐந்து வருட ஆதரவு என்று தவணை முறையில் வருகிறது. 3.9-இன் காலம் 2025 அக்டோபரோடு முடிந்தது. ஒவ்வொரு அக்டோபரும் யாராவது ஒருவருக்கு இந்தக் கடிதம் தேவைப்படும் என்று வைத்துக்கொள்.

உனக்கு வழி மூன்று. முதல் வழி, மாற்றி எழுதுவது. 'இம்ப்' இருக்கும் இடத்தில் 'இம்போர்ட்லிப்' வைப்பதும் டிஸ்ட்யூடில்ஸுக்குப் பதில் செட்டப்டூல்ஸ் வைப்பதும் ஒரு சாயங்கால வேலை. ஏசிங்க்கோர் அப்படி இல்லை. அந்த நிரலின் முதுகெலும்பே அதுதான், ஏசிங்க்ஐஓவுக்குக் கொண்டுபோவது என்றால் பாதியைத் திரும்ப எழுத வேண்டும். இரண்டாவது வழி, போன மாட்யூலைத் தனிப் பேக்கேஜாக ஒட்டவைப்பது. 'ஜோம்பி' என்ற முன்னொட்டோடு டெபியனில் சில இருக்கின்றன, பெயர் வைத்தவருக்கு நகைச்சுவை உணர்வு ஜாஸ்தி. நிறையப் பேர் நம்பியிருக்கும் நிரலுக்கு மூச்சுவிட அவகாசம் கொடுக்க அது சரி. ஆளே இல்லாத பேக்கேஜுக்கு ஜோம்பியை மாட்டினால், ஆளில்லாத பேக்கேஜ் இரண்டாகும், அவ்வளவுதான். மூன்றாவது, நீக்குவது.

நீ முதல் வழியை முயற்சி செய்யலாமா என்று கேட்பாய். செய்ய உன்னால் முடியும், அதில் சந்தேகமில்லை. சோதிக்க முடியுமா? உன்னிடம் அந்தக் கருவி கிடையாது. பிழை வராமல் ஓடுவதும் சரியான எண்ணைத் தருவதும் ஒன்றல்ல. பைதான் 2-இல் 7-ஐ 2-ஆல் வகுத்தால் 3. பைதான் 3-இல் 3.5. இந்த ஒரு மாற்றத்தை எந்தக் கருவியாலும் தானாகத் திருத்த முடியவில்லை, ஏனென்றால் எழுதியவர் எந்த விடையை நினைத்து எழுதினார் என்று இயந்திரத்துக்குத் தெரியாது. பக்கங்களை எண்ணும் நிரலில் அரைப்பக்கம் வந்தால் பார்த்ததும் கண்டுபிடித்துவிடலாம். அளவீட்டு நிரலில் அரை வந்தால் யார் கண்டுபிடிப்பது? ஆய்வகத்தில் ஒருவர் அந்த எண்ணை நம்பி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருப்பார். கருவி கையில் இல்லாமல், உன் பெயரில் ஒரு புதுப் பதிப்பை அனுப்பாதே. இதில் மட்டும் நான் அக்காவாகக் கண்டிப்பாகவே சொல்கிறேன்.

எத்தனை கணினிகளில் நிறுவியிருக்கிறார்கள் என்று காட்டும் பாப்கான் எண்ணிக்கை ரொம்பக் குறைவு என்று எழுதியிருக்கிறாய். அதை அப்படியே நம்பாதே. விரும்பிச் சேர்ந்தவர்களின் கணினிகள் மட்டும்தான் அந்தக் கணக்கில் வரும். ஆய்வகக் கணினிகள் பலவற்றை நெட்டில் இணைப்பதே இல்லை. பயனர்கள் அந்த எண்ணைவிட அதிகம் என்று வைத்துக்கொண்டே எழுது. அவர்களுக்கு இன்னொரு வசதி உண்டு: அந்த மாதிரி இடங்களில் டெபியன் 12-ஐ அப்படியே ஒரு கன்டெய்னரில் வைத்து, பைதான் 3.11-ஓடு நிரலையும் உள்ளே பூட்டி, வெளி நெட்வொர்க்கைத் துண்டித்துவிட்டால், கருவி இருக்கும் வரை ஓட்டிக்கொள்ளலாம். அதையும் எழுது.

ஆக என் யோசனை இது. நீக்கச் சொல்லும் ஆர்எம் பக் போடுவதற்கு முன் எழுதியவருக்கு நேராக ஒரு மெயில். மறைமுகமாக எதுவும் வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். கிட்டத்தட்ட இப்படி இருக்கட்டும்:

"ஐயா, உங்கள் நிரலை டெபியனில் இத்தனை காலம் வைத்திருந்தோம். பைதான் 3.12-லிருந்து அது ஓடவில்லை, காரணங்கள் கீழே. மாற்றி எழுதும் எண்ணம் உங்களுக்கு இருந்தால் தொடக்க வேலையை நான் செய்து அனுப்புகிறேன், கருவியில் சோதிப்பதை நீங்களோ உங்கள் பயனர் ஒருவரோ செய்ய வேண்டும். அப்படி யாரும் இல்லையென்றால் அடுத்த மாத முடிவில் சிட்டிலிருந்து நீக்கக் கேட்கப்போகிறேன். பிறகு யாராவது முன்வந்தால் திரும்பச் சேர்க்க நானே உதவுகிறேன்."

இதன் கீழே நான் சொன்ன இரண்டு பத்தி: அளவீட்டுக் கோப்புகளை எதில் திறக்கலாம், டெபியன் 12 கன்டெய்னரில் எப்படி ஓட்டலாம். அதே மெயிலின் நகலைப் பக்கிலும் போடு. நாளைக்கு யாராவது பேக்கேஜ் பெயரைத் தேடினால் முதலில் அது கண்ணில் படும்.

பதில் திட்டாக வரலாம். பதிலே வராமலும் போகலாம். அதுதான் அதிகம் நடக்கும். திட்டு வந்தால் அன்றைக்கே பதில் எழுதாதே. 'சரி, நானே பார்த்துக்கொள்கிறேன்' என்று வந்தால் தேதியைத் தள்ளு, ஆனால் புதுத் தேதி ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள். தேதி இல்லாமல் தள்ளிய பேக்கேஜ்கள் எல்லாம் எங்கே போய் நின்றன என்று பட்டியலைப் பார்த்தாலே உனக்குத் தெரியும்.

ரிவர்ஸ் டிபென்டென்சி ஒன்றும் இல்லை என்று எழுதியிருக்கிறாய். ரன்டைமுக்கு மட்டும் பார்த்தாயா, பில்டுக்கும் பார்த்தாயா? 'சஜெஸ்ட்ஸ்' வரிசையில் எந்த மெட்டா பேக்கேஜாவது இதன் பெயரை வைத்திருக்கிறதா என்றும் ஒரு தடவை பார்த்துவிடு. அறிவியல் பேக்கேஜ் தொகுப்புகளில் இந்த மாதிரிப் பெயர்கள் ஒளிந்துகொண்டிருக்கும். பார்த்துவிட்டு, மெயில் வரைவை எனக்கு அனுப்பு. இங்கிலீஷ் கொஞ்சம் கறாராக விழுந்தால் திருத்தித் தருகிறேன்.

அன்புடன்,
அக்கா